எந்த வீட்டுக் காத்திருப்பு?

'அமரன்' (2024) படத்தை ஊத்துக்கோட்டையில பெரியம்மாவோட பார்த்தேன். பெரியப்பா பட்டாளத்துக்காரர். படம், 2014 ஏப்ரல் 25-ல் காஷ்மீரின் ஷோபியானில் சண்டையிட்டு மாண்ட மேஜர் முகுந்த் வரதராஜனின் கதை. அதை அவர் மனைவி இந்து சொல்வதாக அமைத்ததுதான் படத்தின் பலம். போனுக்காகக் காத்திருப்பதும் ஒரு வீரம்தான் என்று சாய் பல்லவி நம்பவைக்கிறார். பெரியம்மா அழுதுச்சு. நானும்தான்.

முகுந்தின் பிராமணச் சாதியைப் படம் ஏன் காட்டவில்லை என்று சிலர் சண்டைக்கு வந்தார்கள். எனக்கு வேறொரு சாவு ஞாபகம் வந்தது. 2016 ஜூனில் பாம்போரில் உயிர்விட்ட சி.ஆர்.பி.எஃப். வீரர் வீர் சிங் தலித். உத்தரப் பிரதேசத்தில் அவர் சொந்த ஊரிலேயே, உடலைப் பொது நிலத்தில் எரிக்க ஆதிக்கச் சாதியார் மறித்தார்கள். அதிகாரிகள் பேசித்தான் இடம் கிடைத்தது. சாதியைச் சொல்லாமலே மேஜர் வீரராக முடிந்தது. வீர் சிங்கைச் செத்த பிறகும் சாதி விடலை. அந்த வீட்டுப் பொம்பளைங்களோட காத்திருப்பை யார் படம் எடுக்கிறது?

பஸ்ஸுக்கு நிக்கிறப்ப பெரியம்மா சொன்னது: "உங்க பெரியப்பாவும் லீவு முடிஞ்சு போறப்ப இப்பிடித்தான் திரும்பித் திரும்பிப் பார்ப்பாரு. ஆனா அந்த டிரஸ்ஸோட நின்னப்பவும் டீக்கடையில அவருக்குத் தனி கிளாஸ்தான்டா."