டைமிங்கைக் குறைச்சா சேஃபா? ஒரு ட்யூன் ஃபைலைப் படித்த கதை

சித்தப்பா மகன் கீரனூரில் இருக்கிறான். 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் கார், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாங்கிய ஆறாம் மாதமே வெளியூரில் ஒரு கடையில் ரீமேப் செய்துகொண்டு வந்தான். போன மே மாதம் திருச்சி ரோட்டில், மாத்தூர் தாண்டி ஒரு லாரியை முந்தும்போது "டங்"னு ஒரே ஒரு அடி. அதோட ஒரு சிலிண்டரில் கம்ப்ரெஷன் போச்சு. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால், பிஸ்டனில் ரிங் உட்காரும் காடியின் விளிம்பு உடைந்திருந்தது.

இன்ஜின் வேலை முடிந்ததும் அந்தக் கடை இலவசமாகப் புது ஃபைல் அனுப்பியது. "டைமிங்கை நாலு டிகிரி குறைச்சிருக்கோம், இனி சேஃப்." பழைய ஃபைல், புது ஃபைல் இரண்டையும் எனக்கு அனுப்பி, "அண்ணே, நீங்க சாஃப்ட்வேர்தானே, ஏத்தலாமான்னு பாத்துச் சொல்லுங்க" என்றான். நான் ட்யூனர் இல்லை. ஆனால் அடுத்தவர் எழுதிய கோடைப் படித்துக் குறை சொல்வதுதான் என் தினசரிப் பிழைப்பு. அந்தக் கண்ணோடு படித்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. 3000 ஆர்பிஎம்மில் கிராங்க் ஒரு மில்லி செகண்டுக்கு 18 டிகிரி சுழல்கிறது. ஸ்பார்க் அடித்தவுடன் கலவை முழுக்க எரிந்துவிடாது, அதற்குச் சில மில்லி செகண்ட் வேண்டும். அதனால்தான் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்பே ஸ்பார்க் அடிக்கிறோம். உச்சி தாண்டி சுமார் 8 டிகிரிக்குள் பாதிக் கலவை எரிந்து முடிந்தால் இழுவை அதிகபட்சம் கிடைக்கும். ஊஞ்சல் தள்ளுகிற மாதிரிதான். நம்மை நோக்கி வரும்போதே தள்ளினால் கைதான் வலிக்கும். அந்தச் சரியான இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று டிகிரி முன்னே பின்னே போனாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. இதைச் சொல்லாமல் "அட்வான்ஸ் ஏத்தினா பவர்" என்று மட்டும் சொல்வது பாதி உண்மை.

டர்போவில் கதை மாறுகிறது. பூஸ்ட் ஏற ஏற கலவை அடர்த்தியாகி வேகமாக எரியும், அதனால் அட்வான்ஸ் குறைவாகவே தேவைப்படும். அதைவிட முக்கியம், அந்தச் சரியான இடத்தைத் தொடுவதற்கு முன்பே நாக்கிங் வந்துவிடும். அதாவது முழு பூஸ்டில் நாம் ஏற்கெனவே தாமதமான பக்கம்தான் நிற்கிறோம். அங்கே இன்னும் நாலு டிகிரி குறைத்தால் நெருப்பு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதிலாக எக்ஸாஸ்ட் வழியே சூடாக வெளியே போகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்வது டர்பைன். பிஸ்டனைக் காப்பாற்றுகிறேன் என்று டர்போவைச் சுட்டால் அதற்குப் பெயர் சேஃப் இல்லை. பூஸ்டையும் சேர்த்துக் குறைத்திருந்தால் ஒப்புக்கொள்வேன். புது ஃபைலில் பூஸ்ட் அட்டவணை பழைய ஃபைலில் இருந்தபடியே இருக்கிறது, ஒரு எண்கூட மாறவில்லை.

அதுவும் நாலு டிகிரியை எல்லாக் கட்டங்களிலும் கழித்திருக்கிறார்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் சும்மா உருண்டு போகும்போது நாக்கிங் எங்கிருந்து வரும்? அங்கே குறைத்ததால் கிடைப்பது மைலேஜ் நஷ்டம் மட்டும்தான். முழு அட்டவணையையும் தேர்ந்தெடுத்து, மைனஸ் நாலு போட்டு, சேவ் பண்ணிய வேலை அது. படிக்கும்போதே தெரிகிறது.

என் பெரிய வருத்தம் வேறு. உடைந்ததற்குக் காரணமே டைமிங் என்று நான் நம்பவில்லை. தம்பி போனில் ஓபிடி லாக் ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது கியர், 1,700 ஆர்பிஎம், ஆக்ஸிலரேட்டர் முழுக்க. அடி விழுவதற்கு முன்னால் டைமிங்கில் எந்தப் பதற்றமும் இல்லை. சாதாரண நாக்கிங் என்றால் இசியூ நாக் சென்சார் பேச்சைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக டைமிங்கைப் பின்னுக்கு இழுத்திருக்கும். ஒரே அடி, குறைந்த ஆர்பிஎம், அதிக பாரம்: இது எல்எஸ்பிஐ என்று சொல்லப்படும் முன்கூட்டிய பற்றலின் கைரேகை. நேரடி ஊசி டர்போ இன்ஜின்களில் ஆயில் துளியோ கரித்துகளோ ஸ்பார்க்குக்கு முன்பே தானாகப் பற்றவைத்துவிடும். ஸ்பார்க்குக்கு முன்னால் நடக்கிற காரியத்தை ஸ்பார்க்கைத் தள்ளிப்போட்டு எப்படித் தடுப்பது? அதற்கு மருந்து, குறைந்த ஆர்பிஎம்மில் பூஸ்டுக்குக் கடிவாளம் போடுவது. இன்னொன்று ஆயில். அதில் கால்சியம் கலப்பு இந்தத் தொல்லையைக் கூட்டும் என்று தெரிந்துதான் 2018-இல் ஏபிஐ எஸ்என் பிளஸ் தரமும் 2020-இல் எஸ்பி தரமும் வந்தன. கம்பெனி ஃபைலில் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே அந்தக் கடிவாளம் இருந்தது. ரீமேப்பில் "பிக்கப் வேணும்"னு அதை அவிழ்த்துவிட்டார்கள்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று. 1962-இல் வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் டர்போ கார். கம்ப்ரெஷன் 10.25:1, கம்ப்யூட்டர் கிடையாது. நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இன்ஜினுக்குள் செலுத்தினார்கள். பலர் அந்தத் தொட்டியை நிரப்ப மறந்தார்கள். அடுத்த ஆண்டோடு கார் நின்றே போனது. 1980-களின் தொடக்கத்தில் சாப் கம்பெனி ஏபிசி என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. நாக் சென்சார் சத்தம் கேட்டால் அது வேஸ்ட்கேட் வழியாக பூஸ்டையே குறைத்துவிடும். எரிபொருள் மட்டமாக இருந்தால் பவர் குறையும், இன்ஜின் பிழைக்கும். நாற்பது வருடத்துக்கு முந்தைய அந்த யோசனை, நம் தம்பியின் புது ஃபைலைவிட நேர்மையானதாக எனக்குப் படுகிறது.

இனி எரிபொருள். பழைய ஃபைலின் பெயரிலேயே 98 என்று இருந்தது, அதாவது ஐரோப்பிய பம்பின் ரான் 98 பெட்ரோல். நம் ஊர் பிஎஸ்6 சாதா பெட்ரோலுக்குக் குறைந்தபட்ச ரான் 91. இ20 வந்த பிறகு 95 என்கிறார்கள். எத்தனாலுக்கு நாக்கிங்கைத் தாங்கும் குணமும், ஆவியாகும்போது கலவையைக் குளிர்விக்கும் குணமும் உண்டு என்பதால் டர்போக்காரர்களுக்கு அது கெட்ட செய்தி இல்லை. அதற்காகப் புதுக்கோட்டையில் நிரப்பும் சாதா பெட்ரோலை 98 என்று நினைத்து டைமிங் எழுத முடியாது. "ஒரு பிஎஸ்ஐ பூஸ்டுக்கு ஒரு டிகிரி குறை" என்ற பழைய கைக்கணக்கும் இப்படித்தான். ஆரம்பிக்க உதவும், ஆனால் எந்தப் பெட்ரோல், எவ்வளவு வெயில் என்று அதற்குத் தெரியாது.

வெயில் என்றதும் எனக்குக் கோபமே வருகிறது. உள்ளே போகும் காற்று சூடானால் டைமிங்கைத் தானாகக் குறைக்க ஒரு திருத்த அட்டவணை இருக்கும். பழைய ஃபைலில் 50 டிகிரிக்கு மேலே எல்லாக் கட்டங்களிலும் பூஜ்யம் போட்டிருந்தார்கள். புதிதிலும் அதே பூஜ்யம். எரர் வந்தால் பிடிக்கிற வரிகளை கமென்ட் போட்டு மூடிவிட்டு, "பாருங்க சார், எரரே வரல" என்று காட்டுகிற ஆட்களை நான் ஆபீஸில் பார்த்திருக்கிறேன். ஏசி அறையில், பெரிய ஃபேன் வைத்து, டைனோவில் ஒரே ஒரு ஓட்டம் ஓட்டினால் இந்தக் குறை வெளியே வராது. மே மாதம் மதியம், ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் நின்றுவிட்டு அழுத்தினால் வரும்.

நியாயமாக ஒன்றும் சொல்ல வேண்டும். பழைய ஃபைலில் 2,500-லிருந்து 4,500 வரை டைமிங் கட்டங்கள் படி இல்லாமல் அழகாக வழுக்கிப் போகின்றன. அதை எழுதியவருக்கு வேலை தெரியும். புது ஃபைலில் கை வைத்தவர் அவராக இருக்க மாட்டார்.

கடைக்கு மூன்று கேள்வி எழுதி அனுப்பச் சொன்னேன்: பூஸ்ட் ஏன் மாறவில்லை, சூட்டுத் திருத்தம் ஏன் பூஜ்யம், குறைந்த ஆர்பிஎம் கடிவாளம் எங்கே. "எல்லாருக்கும் இதே ஃபைல்தான் சார், யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணல" என்று பதில் வந்தது. தம்பி கம்பெனி ஃபைலையே திரும்ப ஏற்றிக்கொண்டான். பவர் குறைந்ததில் இன்னும் கொஞ்சம் முகம் வாடித்தான் இருக்கிறான். போன வாரம் அவனோடு திருச்சி போனேன். மாத்தூர்கிட்ட முன்னால் ஒரு லாரி வந்ததும் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே நாலாவது கியருக்கு இறங்கிவிட்டான்.