விருப்பமா, வழியில்லாமையா?

கர்நாடகத்தின் மாதேஸ்வரன் மலையில் ஒரு பெண்ணுக்குத் தொடக்க நிலை மார்பகப் புற்றுநோய் என்று வைத்துக்கொள்வோம். மார்பை முழுவதும் எடுத்துவிடலாம். இல்லையென்றால் கட்டியை மட்டும் நீக்கிவிட்டு, ஊர்ப்பேச்சில் சொன்னால், ‘கரண்ட் வைத்துக்கொள்ளலாம்’, அதாவது கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளலாம். மிலானிலும் அமெரிக்காவிலும் 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள், இரு வழியிலும் உயிர்பிழைப்பு ஏறத்தாழ சமம் என்று 2002-இல் காட்டின. ஆகவே எது வேண்டும் என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு முறைகள் இருக்கின்றன. நலக்குறைவோடு பத்து ஆண்டுகள் வாழ்வதற்குப் பதிலாக, முழு நலத்தோடு எத்தனை ஆண்டுகள் வாழ்ந்தால் போதும் என்று கேட்பது அவற்றில் ஒன்று. வெறும் உயிர்பிழைப்புக் கணக்கில் அடங்காததை இது வெளியே கொண்டுவருகிறது. 1981-இல் பார்பரா மெக்நீலும் சக ஆய்வாளர்களும் குரல்வளைப் புற்றுநோய் பற்றி நலமாயிருந்த 37 பேரிடம் கேட்டார்கள். ஏறத்தாழ ஐவரில் ஒருவர், ஆயுள் குறைந்தாலும் பேச்சு போகக்கூடாது என்று அறுவைக்குப் பதில் கதிர்வீச்சைத் தேர்ந்தார். மருத்துவர் தாமாக ஊகிக்க முடியாத விடை அது. இந்த அளவீட்டின் பெரும் பலம் இங்கேதான் இருக்கிறது.

பலவீனத்தைக் காட்டியதும் அதே மெக்நீல்தான். மறு ஆண்டே நுரையீரல் புற்றுநோய் பற்றிய ஒரே புள்ளிவிவரத்தை இரண்டு விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று சொன்னபோது 18 சதவீதம் பேர் கதிர்வீச்சைக் கேட்டார்கள். எத்தனை பேர் இறப்பார்கள் என்று சொன்னபோது 44 சதவீதம் பேர். மருத்துவர்களும் இதில் தப்பவில்லை.

இத்தகைய கேள்விகளைக் கொண்டு, ஒவ்வொரு நலநிலைக்கும் மக்கள் தரும் மதிப்பைக் காட்டும் மதிப்பெண்கள் இந்தியாவுக்கென 2022-இல் வெளியாயின. ஐந்து மாநிலங்களில் 3,548 பேரிடம் கேட்டுத் தொகுத்தவை. அரசுப் பணத்தை எதில் செலவிடுவது என்று முடிவெடுக்கப் பொதுமக்களைக் கேட்பது நியாயமே. ஆனால் அந்தச் சராசரியை நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்து அவளுடைய விடையாக வைப்பது தவறு. சிறு பலனுக்காகவும் கடும் கீமோவை ஏற்க நோயாளிகள் முன்வருவதையும், நலமாயிருப்பவர்கள் அந்த அளவுக்கு முன்வராததையும் 1990-இல் பிரிட்டன் ஆய்வொன்று பதிவு செய்தது.

எனினும் இந்த அளவீடு காணத் தவறும் மிகப் பெரிய விஷயம் தூரம்தான். கதிர்வீச்சுக்காக மலையிலிருந்து மைசூருக்குப் போவதென்றால் சுமார் 150 கிலோமீட்டர். நெடுங்காலம் வழக்கமாயிருந்த கதிர்வீச்சு ஐந்து வாரம், வாரத்துக்கு ஐந்து நாள்; குறுக்கிய முறையிலும் மூன்று வாரம். தங்க இடம் வேண்டும், துணைக்கு ஓர் ஆள் வேண்டும், இருவருடைய கூலியும் போகும். இதையெல்லாம் கணக்குப் போட்டு அவள் “எடுத்துடுங்க” என்று சொன்னால், மருத்துவமனைப் படிவத்தில் அது ‘நோயாளி விருப்பம்’ என்றே பதிவாகிறது. அவளுக்கு வேறு வழியில்லை என்பதைக் குறிக்க அதில் இடமில்லை. அவளுக்காக மகனோ கணவரோ விடை சொன்னாலும் அதே கட்டத்தில்தான் குறி விழும்.

மாற்ற வேண்டியது சில வேளை கேள்வியை அல்ல, சிகிச்சையைத்தான். ஒரே வாரத்தில் ஐந்து முறை கொடுக்கும் கதிர்வீச்சு, மூன்று வாரத்தில் பதினைந்து முறை கொடுப்பதற்கு ஐந்தாண்டுகளில் அதே மார்பில் புற்றுநோய் மீண்டும் வராமல் தடுப்பதில் குறைந்ததல்ல என்று பிரிட்டனின் ஃபாஸ்ட்-ஃபார்வர்ட் ஆய்வு 2020-இல் சொன்னது. பொருத்தமானவர்களுக்கு இதையும் முன்வைத்த பிறகு கேட்க வேண்டும். மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தால் எதைக் கேட்பாள் என்பதையும் அவளிடமே தனியாக, படிவத்தில் குறி போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டும்.