கிறித்தவரும் வாசனைத் திரவியமும்

வாஸ்கோ ட காமாவின் முதற் கடற்பிரயாணத்தை (1497–1499) உடன்சென்றார் ஒருவர் தொடர்ந்தெழுதிய நாட்குறிப்பு இன்றும் உளது. ஆசிரியர் தம் பெயர் கூறினாரல்லர். 1838இல் முதன்முதல் அச்சேறிய அந்நூல் துறைமுகங்களும் திகதிகளும் தேடுவார்க்குப் பெரிதும் பயன்படும். ஆயின் அதன் உயிர்நிலை அதிற் பதிந்துள்ள மகிழ்ச்சி, நாணம், மனக்கசப்பு என்னும் உணர்ச்சிகளிலேயே உள்ளது.

1498 மே மாதத்திற் கள்ளிக்கோட்டைக் கரைக்கு முதலில் அனுப்பப்பட்டவன் தண்டனை பெற்ற கைதி ஒருவன். துனிஸ் நாட்டுச் சோனகர் இருவர் அவனை எதிர்ப்பட்டு, இத்துணைத் தொலைவு எதனை நாடி வந்தீர் என வினவினர். கிறித்தவரையும் வாசனைத் திரவியங்களையும் நாடி வந்தோம் என்பது விடை. தமிழ் இலக்கண முறையிற் கூறுவதாயின், அந்த எண்ணும்மையிலே நூற்பொருள் முழுதும் அடங்கும்.

கீழைத்தேயத்திற் கிறித்தவ அரசர் உளர், அவர் சோனகருக்கெதிராகத் துணைநிற்பர் என்னும் நம்பிக்கை போர்த்துக்கேயரிடம் முன்னரே வேரூன்றியிருந்தது. ஆதலின், சாமூதிரியின் அரண்மனைக்குச் செல்லும் வழியிற் கண்ட கோயிலைத் தேவாலயமெனக் கொண்டு அவர்கள் வணங்கினர். சுவரோவியங்களிற் பல் வெளியே நீண்டிருந்ததையும், கைகள் நான்கும் ஐந்துமாக இருந்ததையும் ஆசிரியர் மறையாது எழுதுகின்றார். எழுதியும் அவ்வுருவங்களைப் புனிதர் என்றே அழைக்கின்றார். அங்கு வழங்கப்பட்ட, நெற்றியிலும் மார்பிலும் கைகளிலும் பூசும் ‘வெண்மண்’ எத்தகையது என்பதை இந்துக் கல்லூரி மாணவர் எளிதில் ஊகிப்பர். காமா அதனைப் பின்னர் அணிவதாகக் கூறி ஒருவனிடம் கொடுத்துவைத்தான். கண் கண்டதை ஆவல் திருத்தி வாசித்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

1551இல் நூல் வெளியிட்ட கஸ்தன்யேதா ஒரு செய்தி கூறுகின்றார். அக்கோயிலில் முழந்தாளிட்ட ஜொவாம் த சா என்பவன், இது பேயாயின் என் வணக்கம் மெய்க்கடவுளுக்கே எனக் கூற, காமா புன்முறுவல் செய்தானாம். நாட்குறிப்பில் அப்புன்முறுவல் இல்லை. அது மெய்யான நினைவாகவும் இருக்கலாம். எனினும், உண்மை வெளிப்பட்டபின் தம் நாட்டவரின் மதிப்பைக் காக்கப் பிற்காலத்தார் சேர்த்ததெனக் கொள்வதே பொருத்தமாகும்.

மகிழ்ச்சி நீடித்திலது. கோடிட்ட துணி 12, செந்நிறத் தலையங்கி 4, தொப்பி 6, பவளச்சரம் 4, கைகழுவும் பாத்திரம் 6, இவற்றோடு சர்க்கரையும் எண்ணெயும் தேனும் அரசனுக்குரிய காணிக்கையாக எடுத்துவைக்கப்பட்டபோது, அதிகாரிகள் நகைத்தனர். மக்காவிலிருந்து வரும் மிக ஏழை வணிகனும் இதனினும் மிகுதியாகக் கொடுப்பான் என்றனர். வருந்திய காமா, தான் வணிகனல்லன், தூதன் என்றான். வணிகத்தில் நேர்ந்த நாணத்தைத் தூதின் பெருமை கொண்டு மூடும் முயற்சி இது. பின்பு சாமூதிரி, கப்பலிலுள்ளதாகக் கேள்வியுற்ற பொன் மரியாள் திருவுருவைக் கேட்டபோது, அது பொன்னன்று, பொன்னாயினும் தன்னைக் கடல் கடத்திக் கொணர்ந்த அதனைப் பிரியேன் என்றான். நூலில் விலைபேசாத பக்தி ஒலிக்கும் இடம் ஈதொன்றே எனலாம்.

மனக்கசப்பு எவர்மேற் சென்றது என்பதே கூர்ந்து நோக்கத்தக்கது. கிறித்தவ அரசன் ஒருவன் தமக்குத் தீங்கிழைத்தானே என ஆசிரியர் நோகின்றார். நொந்தவுடனே குற்றத்தை மக்கா வணிகராகிய சோனகர்மேல் ஏற்றி அவனை ஓரளவு விடுவிக்கின்றார். சாமூதிரி கிறித்தவனாயிருத்தல் வாணிகத்துக்கு வேண்டியிருந்தது. ஆதலின் பட்ட அவமானமும் அந்நம்பிக்கையைக் கலைக்கவில்லை.

1500இற் கப்ரால் புறப்பட்டபோதும், சாமூதிரியைக் கிறித்தவனாகவே எண்ணி மானுவேல் மன்னன் எழுதிய திருமுகம் அவனிடம் இருந்தது. பிரான்சிஸ்கத் துறவியரும் உடன்சென்றனர். அவ்வாண்டு டிசெம்பரிற் பண்டகசாலை தாக்கப்பட்டுப் போர்த்துக்கேயர் ஐம்பதின்மருக்கு மேல் இறந்தனர். கப்ராலின் பீரங்கிகள் கள்ளிக்கோட்டை நகரைச் சுட்டன.