பதினொன்றுக்குப் பதினொன்று

ஆண்டுதோறும் ஆகஸ்டு மாதத்தில், அமெரிக்கக் கால்பந்துப் பருவம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, ‘மேடன் என்எஃப்எல்’ வீடியோ கேமின் புதிய பதிப்பு கடைக்கு வந்துவிடுகிறது. 1990 முதல் ஓராண்டும் தவறியதில்லை. அது வந்த வாரமே அதன்மீதான குற்றச்சாட்டும் எழும்: பழைய கள், புதிய மொந்தை. வீரர்களின் பட்டியலையும் அட்டைப்படத்தையும் மாற்றிவிட்டுப் போன ஆண்டு விற்றதையே மறுபடி விற்கிறார்கள் என்பார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று காட்டுவதில் இந்தக் குற்றச்சாட்டு தவறிவிடுகிறது. ஆண்டுக்கொரு முறை வருவது இந்தக் கலையின் இயல்பு. அதைப் பீடித்த நோய் 2004 டிசம்பரில் வேறொரு வாசல் வழியாக வந்தது. அதைச் சொல்வதற்கு முன் இந்த ஆட்டத்தில் ரசிக்க என்ன இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தை 1982-இல் தொடங்கிய ட்ரிப் ஹாக்கின்ஸ், சில ஆண்டுகள் கழித்து ஜான் மேடனைத் தேடிப் போனார். மேடன் ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியைப் பயிற்றுவித்து, தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் இறுதிப்போட்டி சூப்பர் பவுலை வென்றவர். அப்போது தொலைக்காட்சி வர்ணனையில் புகழுடன் இருந்தார். அவர் விமானம் ஏறமாட்டார் என்பதால் பேச்சு ரயிலில் நடந்தது. அன்றைய ஆப்பிள் II கணினியின் திறனுக்கு 22 பேரைத் திரையில் ஓடவிடுவது பெரும்பாடு. அணிக்கு ஆறேழு பேர் போதும் என்றார்கள் கேமை உருவாக்க வந்தவர்கள். மேடன் மசியவில்லை. பதினொன்றுக்குப் பதினொன்று இல்லாவிட்டால் அது கால்பந்தே அல்ல என்று நின்றார். அந்தப் பிடிவாதத்துக்கு ஈடுகொடுத்து, ராபின் அன்டோனிக் நிரல் எழுதி, ‘ஜான் மேடன் ஃபுட்பால்’ 1988-இல்தான் வெளிவந்தது. பிடிவாதத்துக்குக் காரணம் ஆட்டத்திலேயே இருக்கிறது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும். தூரத்திலிருந்து பார்ப்பவர் கண்ணில் பந்தை எறிபவரும் பிடிப்பவரும்தான் படுவார்கள். எறிபவருக்கு இரண்டு மூன்று நொடி அவகாசம் வாங்கித் தருபவர்களோ, பந்தைப் பெரும்பாலும் தொடாமலே ஆட்டம் முழுவதும் முட்டி மோதுகிற ஐந்து லைன்மேன்கள். அணியைச் சுருக்கியிருந்தால் முதலில் காணாமல் போயிருப்பவர்கள் அவர்கள்தான். மீந்திருப்பது வெறும் பந்து விளையாட்டு. அன்றிலிருந்து இன்றுவரை எந்தப் பதிப்பையும் நான் அளக்கும் அளவுகோல் மேடன் வைத்ததுதான்: இது கால்பந்தாக இருக்கிறதா?

22 பேர் ஓடுகிறார்கள். ஆடுபவருக்கு இருப்பது இரண்டு கட்டைவிரல்கள். இந்தச் சிக்கலை அவிழ்த்த விதத்தில்தான் கைத்திறன் தெரிகிறது. 1990-இல் சேகா ஜெனிசிஸ் கன்சோலுக்கு வந்த பதிப்பில் திரையின் மேலே மூன்று சிறு சன்னல்கள். ஒவ்வொன்றிலும் பந்தைப் பிடிக்க ஓடும் ஒரு ரிசீவர். ஏ, பி, சி என மூன்று பொத்தான்கள். யார் தனியாக நிற்கிறார் என்று பார்த்து அவருக்குரிய பொத்தானை அழுத்த வேண்டியதுதான். அதைவிடப் பெரிய முடிவு, பார்வைக் கோணத்தை, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் முதுகுக்குப் பின்னால் வைத்தது. தொலைக்காட்சி அந்த ஆட்டத்தைப் பக்கவாட்டிலிருந்தே காட்டி வந்தது. அதில் பந்து தெரியும், பின்களத்தில் காத்திருக்கும் சேஃப்டிகள் சட்டகத்துக்கு வெளியே போய்விடுவார்கள். பின்னாலிருந்து பார்த்தால்தான் எதிரணி எப்படி அணிவகுத்திருக்கிறது, எந்தச் சந்து திறக்கப் போகிறது என்பது புரியும். 2017 அக்டோபரில் ஃபாக்ஸ்பரோ நகர மைதானத்தில் பேட்ரியாட்ஸும் ஃபால்கன்ஸும் ஆடிய இரவு, மூடுபனி வழக்கமான கேமராக்களை மறைத்துவிட்டது. என்பிசி தொலைக்காட்சி, கம்பியில் தொங்கியபடி ஆட்டக்காரர்களுக்குப் பின்னால் நகரும் ஸ்கைகேமுக்கு மாறியது. மேடன் ஆடுவது போலவே இருக்கிறது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அடுத்த மாதமே ஒரு வியாழக்கிழமை ஆட்டத்தைத் திட்டமிட்டு அந்தக் கோணத்தில் ஒளிபரப்பினார்கள். அசலுக்கே பார்க்கும் விதத்தைக் கற்றுக்கொடுத்த நகல் இது.

பார்ப்பவர்களுக்கு மட்டுமா? 2009 செப்டம்பரில் டென்வருக்கும் சின்சினாட்டிக்கும் நடந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில், எதிராளி கை பட்டுத் தெறித்த பந்தைப் பிடித்த பிராண்டன் ஸ்டோக்லி எதிரணியின் முனையை நோக்கி ஓடினார். எல்லைக்கோடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. உடனே கடக்காமல், கடிகாரம் கரையட்டும் என்று கோட்டுக்கு இணையாகச் சில நொடிகள் ஓடி, அதன் பிறகே உள்ளே நுழைந்தார். வீடியோ கேம் ஆடி வளர்ந்த தலைமுறைக்கு இந்த உத்தி அத்துப்படி. கண்டவர்கள் அதன் மூலத்தை உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். 2015 சூப்பர் பவுலை பேட்ரியாட்ஸ் 28-24 என வெல்லும் என்று அந்த ஆண்டு மேடன் கேம் முன்கூட்டியே சொன்னதையும் அது அப்படியே பலித்ததையும் ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள். அதற்கு நான் பெரிய மதிப்புத் தரமாட்டேன். ஒவ்வோர் ஆண்டும் ஆரூடம் சொன்னால் ஒருமுறை பலிக்கும். ஒரு தொழில்முறை வீரரின் காலில் அந்த ஆட்டம் வந்து இறங்கியதே எனக்குப் பெரிது.

மனிதர்களை எண்களாக்கிவிட்டார்கள் என்றொரு மறுப்பு உண்டு. வேகம், வலிமை, விழிப்பு என ஒவ்வொரு வீரருக்கும் 99-க்குள் மதிப்பெண்கள் இருப்பது உண்மைதான். ஆனால் 40 கெஜ ஓட்டத்தை நொடியின் நூறில் ஒரு பங்குவரை அளந்து இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பது என்எஃப்எல்லின் சொந்த வழக்கம். கேம் அந்த உலகத்தின் கண்ணாடியைத்தான் பிடிக்கிறது. தங்களுக்குக் குறைவாகப் போட்டுவிட்டார்கள் என்று வீரர்களே ஆண்டுதோறும் பொதுவில் சண்டைக்கு வருகிறார்களே, பொருட்படுத்தாத ஒன்றுக்கு யாராவது கோபப்படுவார்களா?

இனி ஆண்டுக் கணக்குக்கு வருவோம். பஞ்சாங்கம் போன ஆண்டுடையதைப் போலவே இருக்கிறது என்று யாரும் குறை சொல்வதில்லை. இந்த ஆண்டின் கிரக நிலைக்குச் சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கிறோம். அமெரிக்கக் கால்பந்து ஒவ்வொரு பருவத்திலும் உருமாறுகிற ஆட்டம். ஏப்ரலில் புதியவர்கள் வருகிறார்கள், பயிற்சியாளர்கள் இடம் மாறுகிறார்கள், விதியே மாறுகிறது. 2024-இல் கிக்ஆஃப் முறையை என்எஃப்எல் தலைகீழாக மாற்றியபோது, அந்த ஆண்டின் மேடனும் அதோடு மாறியது. புளோரிடாவின் ஆர்லாண்டோ பகுதியில் இருக்கும் ஸ்டுடியோவுக்கு இதற்கெல்லாம் கிடைப்பது 12 மாதத்துக்கும் குறைவான காலம். அந்த நெருக்கடிக்குள்ளும் துணிச்சலான முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2005-இல் வந்த ‘மேடன் 06’-இல் குவார்ட்டர்பேக்கின் பார்வையை மைதானத்தின்மேல் விழும் கூம்பு வடிவ ஒளியாகக் காட்டினார்கள். தேர்ந்தவரான பெய்ட்டன் மேனிங்குக்கு அந்த ஒளி கிட்டத்தட்ட மைதானம் முழுவதும் விரியும். சுமாரான ஆட்டக்காரருக்கு மெல்லிய கீற்றுதான். ஒளி படாத இடத்துக்கு எறிந்தால் பந்து குறி தவறும். எதிரில் ஆடுபவரோ அந்த ஒளியைப் பார்த்தே பந்து எங்கே போகும் என்று ஊகித்துவிடலாம். ஆடுபவர்களில் பெரும்பாலோர் இதை வெறுத்தார்கள். விரல்களுக்குச் சுமை கூடியது என்று அணைத்துவைத்தார்கள். சில ஆண்டுகளில் அது மறைந்துபோனது. இந்தத் தொடரில் செய்யப்பட்ட ஆழமான வாசிப்பு அதுதான் என்பது என் கட்சி. களத்தில் நிற்பவனுக்கு எல்லாம் தெரியாது, அவன் பார்க்கும் திசையே அவனைக் காட்டிக்கொடுக்கும் என்ற உண்மையை வேறெந்த அம்சமும் இவ்வளவு நேராகக் கைக்குள் கொண்டுவந்ததில்லை. தோற்றாலும் அடுத்த ஆண்டே திருத்திக்கொள்ளலாம் என்ற வசதி இருந்ததால்தான் அப்படிப்பட்ட பந்தயம் கட்ட முடிந்தது.

அப்படியானால் நோய் எது? 2004-இல் விஷுவல் கான்செப்ட்ஸ் உருவாக்கிய ‘என்எஃப்எல் 2கே5’ 20 டாலருக்குள் விற்பனைக்கு வந்தது. தொலைக்காட்சி ஒளிபரப்பின் அழகிலும் வீரர்கள் மோதி விழும் அசைவுகளிலும் அது மேடனுக்குச் சளைத்ததல்ல; சிலவற்றில் ஒருபடி மேல். மேடன் விலையை 30 டாலருக்கு இறக்க வேண்டி வந்தது. வாங்குபவர்களுக்குப் பொற்காலம் அது. அந்த டிசம்பரில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ், என்எஃப்எல்லுடனும் வீரர் சங்கத்துடனும் தனியுரிமை ஒப்பந்தம் போட்டது. அசல் அணிகளையும் பெயர்களையும் வேறு யாரும் பயன்படுத்த முடியாமல் போயிற்று. விலை குறித்து வாங்குவோர் தொடுத்த வழக்கை 2012-இல் 2.7 கோடி டாலர் தந்து முடித்துக்கொண்டார்கள். காசு கொடுத்து வீரர் அட்டைகள் வாங்கிச் சேர்க்கும் அல்டிமேட் டீம் பகுதி கொழுத்தது. ஓர் அணியைப் பல பருவங்கள் வளர்த்தெடுக்கும் ஃபிரான்சைஸ் பகுதி சவலையானது. 2020-இல் ரசிகர்கள் அதைச் சரிசெய்யச் சொல்லி இணையத்தில் திரண்டு கேட்டார்கள். அவர்களை முணுமுணுப்பவர்கள் என்று ஒதுக்குவது அநியாயம். லைன்மேன் தடுக்கும் கோணம் பிசகினால் கண்டுபிடிக்கிற, மேடனின் அளவுகோலைக் கைவிடாத ரசிகர்கள் அவர்கள்.

இடைவெளி விட்டால் நல்ல கேம் வரும் என்பதற்கு, 11 ஆண்டுகள் கழித்து 2024-இல் வந்த ‘காலேஜ் ஃபுட்பால் 25’ சாட்சி என்று சிலர் வாதிடுவார்கள். அதே ஸ்டுடியோவின் படைப்பு அது; வரவேற்பும் பிரமாதம். ஆனால் அந்த இடைவெளி அழகுக்காக விட்டதல்ல. மாணவ வீரர்களின் உருவத்தைப் பணம் தராமல் பயன்படுத்தியது குறித்த வழக்குகளால் நின்றுபோன தொடர் அது. வீரர்களுக்குப் பணம் கிடைக்க வழி பிறந்த பிறகே திரும்பியது. அந்தக் கைகளுக்குத் திறன் குறையவில்லை என்பதையே அதன் வெற்றி காட்டுகிறது. மேடனுக்கு இல்லாதது, தன்னைத் துரத்தி வரும் இன்னொரு கேம். 2020 மார்ச்சில் 2கே நிறுவனத்துக்கு என்எஃப்எல் மறுபடி கதவைத் திறந்தது. ஆனால் அசல் ஆட்டத்தை அப்படியே காட்டும் கேம்களைச் செய்யக்கூடாது என்ற வரம்போடு. அந்த வரம்பை என்எஃப்எல் நீக்க வேண்டும்.