உதிராத நிறம், உதிரும் ஓடு: எகிப்திய ஃபயான்ஸ் ஓடு பதிக்கும் கலை

பழைய எகிப்தியரின் சுவர்களில் தீட்டிய வண்ணம் பல இடங்களில் மங்கிவிட்டது. படிகக்கல் பொடியைச் சுட்டுச் செய்யும் ஃபயான்ஸ் ஓடுகளின் நீலமோ நாலாயிரம் ஆண்டு கடந்தும் பளிச்சிடுகிறது. காரணம் செய்முறையில் இருக்கிறது. படிகக்கல் பொடியோடு சிறிது சுண்ணாம்பும் நேட்ரான் உப்போ தாவரச் சாம்பலோ கலந்து பிசைவார்கள். காயும்போது, ஈரச் சுவரில் உப்புப் பூப்பதுபோல், உப்பு மேலே வந்து படியும்; சூளையில் அது உருகிக் கண்ணாடித் தோலாகும். செம்புச் சேர்மம் நீலம் தரும். இங்கே நிறம் மேற்பூச்சு அல்ல, பொருளின் உடலிலிருந்தே எழுவது. இக்கலையின் முதல் வலிமை இதுதான்.

சக்காராவில் ஜோசர் மன்னனின் படிக்கட்டுப் பிரமிடுக்குக் கீழே, பொ.ஆ.மு. 27ஆம் நூற்றாண்டிலேயே சுமார் 36,000 ஓடுகள் பதிக்கப்பட்டன. ஒவ்வொன்றின் பின்புறமும் துளையிட்ட ஒரு மேடு உண்டு. அதில் கயிறு கோத்துச் சாந்தில் பொருத்தினார்கள். நாணற்பாய் தொங்கும் அரண்மனைச் சுவரை, மன்னனின் மறுமைக்காக அழியாப் பொருளில் மறுபடி கட்டிய முயற்சி அது.

குறையும் பொருளிலிருந்தே பிறக்கிறது. இந்தப் பிசைவு களிமண்போல் வளையாது, வெடிக்கும். ஆகவே அச்சையே நம்ப வேண்டியிருந்தது. பழைய எகிப்திய நகரான அமர்னாவில் தொல்லியலாளர் பெட்ரி 1891-92இல் ஆயிரக்கணக்கான அச்சுகளைக் கண்டெடுத்தார். அச்சு உற்பத்தியைப் பெருக்கியது. கூடவே ஒரே பூ, ஒரே திராட்சைக் கொத்து என்ற சலிப்பையும் கொண்டுவந்தது.

அந்த எல்லையை மீறிக் காட்டியவை மெடினெட் ஹாபுவில் மூன்றாம் ராமசேஸின் அரண்மனைக்குச் செய்த கைதி ஓடுகள். நூபியரின் காதணி, லிபியரின் பச்சைக்குத்து, சிரியரின் தாடி, ஆடையின் பூவேலை என ஒவ்வொன்றையும் பல வண்ணத்தில் நுணுக்கமாகத் தந்திருக்கிறார்கள். ஆனால் எல்லோர் கைகளும் கட்டப்பட்டிருக்கின்றன. கைவினைஞரின் கூர்ந்த பார்வை முழுவதும் மன்னனின் வெற்றி முழக்கத்துக்கே செலவாகியிருக்கிறது.

கடைசிக் குறை இணைப்பில் உள்ளது. நிறம் நிலைத்தது, பிடித்து நிறுத்திய சாந்து நிலைக்கவில்லை. அதனால் இன்று கெய்ரோவிலும் பாஸ்டனிலும் உள்ள அருங்காட்சியகங்களில் இந்தக் கைதி ஓடுகள் தனித்தனியாகக் கண்ணாடிப் பேழைக்குள் கிடக்கின்றன. அவற்றைக் குட்டி ஓவியங்களாக மதிப்பிடுவது அநீதி. அவை கட்டடத்தின் உறுப்புகள். சுவரோடும் வாசலோடும் சேர்த்து எண்ணிப் பார்ப்பவருக்கே அவற்றின் முழுப் பெருமை புலப்படும்.