புள்ளி விழாத இடம்

சிதறல் விளக்கப்படத்தைக் கண்டதும் புள்ளிகள் ஏறுகின்றனவா, இறங்குகின்றனவா என்று பார்க்கத்தான் வகுப்பறையில் பழக்குகிறார்கள். ஏறினால் நேரிடை ஒட்டுறவு, இறங்கினால் எதிரிடை. அத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது.

படத்தின் அருமை அதைவிடப் பெரியது. 1973-இல் புள்ளியியலாளர் பிரான்சிஸ் அன்ஸ்கோம் நான்கு தரவுத் தொகுதிகளை முன்வைத்தார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். சராசரிகள் ஒன்றே, ஒட்டுறவுக் கெழுவும் நான்கிலும் ஏறத்தாழ 0.816. வரைந்தால்தான் வேறுபாடு தெரியும். ஒன்று சாதாரணச் சாய்வு, இன்னொன்று வளைவு. மூன்றாவதில் நேர்கோட்டை விட்டு ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்கிறது. நான்காவதில் 10 புள்ளிகள் செங்குத்தாக நிற்க, தூரத்தில் கிடக்கும் ஒற்றைப் புள்ளிதான் அந்த ஒட்டுறவையே உண்டாக்குகிறது. கெழுவை மட்டும் தந்துவிட்டுப் படத்தை விட்டுவிடும் ஆய்வேடுகளை நான் நம்புவதில்லை.

ஆனால் எந்தப் புள்ளிகளை விட்டுவிட்டு வரைந்தோம் என்பதைப் படம் சொல்லாது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்ணோடத்தை மறுநாள் ஏவலாமா என்று விவாதித்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் குளிரில் இறுகிவிடும் என்பது அந்த ராக்கெட்டைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்களின் அச்சம். வளையம் பாதிக்கப்பட்ட பயணங்களை மட்டும் வெப்பநிலையோடு ஒப்பிட்டார்கள். 53 பாகை பாரன்ஹீட்டிலும் பாதிப்பு, 75-இலும் பாதிப்பு. போக்கு எதுவும் தெரியவில்லை. மறுநாள் ஏவப்பட்ட விண்ணோடம் சிதறி, அதிலிருந்த ஏழு பேரும் இறந்தனர். பாதிப்பே இல்லாத பயணங்களையும் விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் பின்னர் சேர்த்து வரைந்தபோது படமே மாறியது: 65 பாகைக்குக் கீழே நடந்த நான்கு பயணங்களிலும் பாதிப்பு, அதற்கு மேல் 20-இல் மூன்றில்தான். பூஜ்யத்தில் வரிசையாகக் கிடக்கும் அந்தப் புள்ளிகளைப் பயனற்றவை என்று ஒதுக்கியதுதான் தவறு.

நல்ல படம் ஒன்று இருந்திருந்தால் ஏழு உயிர்கள் பிழைத்திருக்கும் என்ற தொனியில், தரவு வரைபட வல்லுநர் எட்வர்ட் டஃப்டி 1997-இல் பொறியாளர்களின் வரைபடங்களைச் சாடினார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. அதுவரையிலான மிகக் குளிர்ந்த பயணம் 53 பாகையில். விபத்தன்று காலை ஏவும் நேரத்தில் 36. இடையே ஒரு புள்ளிகூட இல்லை. எவ்வளவு அழகாக வரைந்தாலும் அங்கே கோட்டை நீட்டுவது ஊகம்தான். 53-க்குக் கீழே ஏவ வேண்டாம் என்றுதான் பொறியாளர்கள் முதலில் பரிந்துரைத்தார்கள். தரவு முடிகிற இடத்தில் நின்றுகொண்ட நிதானமான வாசிப்பு அது. அவர்களது நிறுவனத்தின் நிர்வாகம் அன்றிரவே அதை மாற்றியது.