தூங்கா நகரும் துயிலாத் துயரும்

மதுரை என்று சொன்ன மாத்திரத்தில் நம் மேடைப் பேச்சாளர்க்கு நாவில் தேன் ஊறுகிறது. கூடல் மாநகர் என்பர். சங்கம் வளர்த்த பதி என்பர். மாட வீதிகளையும் மாசி வீதிகளையும் நாவினாலேயே வலம் வந்து முடிப்பர். 2015ல் கீழடியில் மண்ணைத் தோண்டத் தொடங்கிய பிறகு இந்தப் பெருமைக்குப் புது மெருகும் ஏறிற்று. அங்கே கிடைத்த பானை ஓடுகளில், அரசன் பெயரல்ல, புலவன் பெயரல்ல, சாமானியர் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. பானையில் பெயர் எழுதத் தெரிந்த மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வைகைக் கரையில் வாழ்ந்தனர் என்பது நாமும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்லத் தக்க செய்திதான். பழைய ஓட்டில் எழுத்து உண்டா என்று ஆராய்ந்தோம், நன்று. அதே வைகை வட்டாரத்தில் இன்றைய பிள்ளையின் கையில் பலகை உண்டா, அந்தப் பலகைக்குப் பின்னே வேலை உண்டா என்று யார் ஆராய்வது?

ஆராய விரும்பும் தோழர் நான்மாடக்கூடலைச் சுற்ற வேண்டாம். மேற்கு நோக்கிப் பேருந்து ஏறட்டும். நாகமலை கடந்து பல்கலைக்கழகம், பிறகு செக்கானூரணி, கருமாத்தூர், செல்லம்பட்டி. நாற்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் உசிலம்பட்டி வந்துவிடும். மாநகரின் வளர்ச்சியை எடைபோட இதைவிட நேர்மையான தராசு இல்லை.

முதலில் மாநகரின் கதையையே பார்ப்போம். 1971ல் மாநகராட்சி ஆயிற்று மதுரை. ஹார்வி ஆலையின் சங்கொலி கேட்டு விடியும் ஊர் என்று ஒரு காலத்தில் பெயர். ஆலைகள் நலிந்தன, சங்கொலி ஓய்ந்தது. 1911ல் மதுரையில் வண்டி ஓட்டத் தொடங்கிய டி.வி.எஸ். குழுமத்தின் பெருந்தொழிற்சாலைகள் பாடியிலும் ஓசூரிலும் எழுந்தன. மேலூர்ச் சாலையில் ஒரு டயர்த் தொழிற்சாலை நின்று பழைய உறவை நினைவூட்டுகிறது. கப்பலூரில் தொழிற்பேட்டை உண்டு, வடபழஞ்சியில் தகவல் தொழில்நுட்பப் பூங்கா உண்டு. ஆனால் பட்டம் வாங்கிய மதுரைப் பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறுவது எங்கே போகும் வண்டியில்? சென்னைக்கும் பெங்களூருக்கும் போகும் வண்டியில்! அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, மருத்துவக் கல்லூரி என்று கல்விச்சாலைகளுக்குக் குறைவில்லாத ஊர் இது. அறிவை விளைவிக்கிறது மதுரை. அறுவடை செய்வது வேறு ஊர்.

1966ல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம், பின்னர் காமராசர் பெயர் தாங்கியது. பள்ளிக்கூடங்களைத் திறந்த தலைவரின் பெயர் கொண்ட அந்த நிறுவனத்தில், 2023, 2024ஆம் ஆண்டுகளில் ஆசிரியர்களும் ஓய்வூதியர்களும் மாதக்கணக்கில் சம்பளம் காணாமல் வாயிலில் அமர்ந்து போராடினர். பேராசிரியர் வீட்டில் உலை கொதிக்காத ஊரில் ஆராய்ச்சி எப்படிக் கொதிக்கும்!

டில்லி நமக்குச் செய்யும் உபசாரம் தனிக்கதை. எய்ம்ஸ் மருத்துவமனை 2015ல் தமிழ்நாட்டுக்கு என்று அறிவிக்கப்பட்டது. 2018ல் தோப்பூர் இடம் குறிக்கப்பட்டது. 2019 ஜனவரியில் பிரதமர் அடிக்கல் நாட்டினார். கட்டடப் பணி தொடங்கியதோ 2024ல். இடையில், 2022ல் சேர்ந்த மாணவர்களுக்கு இராமநாதபுரத்தில் பாடம் நடந்தது. மதுரை எய்ம்ஸ் என்று பெயர், வகுப்பு நடந்ததோ சேதுபதி சீமையில்! மெட்ரோ ரயில் கேட்டோம். மக்கள்தொகை இருபது இலட்சம் இல்லை என்று 2025 நவம்பரில் திட்டத்தைத் திருப்பி அனுப்பினர். எந்தக் கணக்குப்படி? 2011ல் எடுத்த கணக்குப்படி! பதினான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த அளவுக்குச் சட்டை தைப்பவனைத் தையற்காரன் என்போமா?

ஆனால் தோழர்களே, குற்றத்தை முழுவதும் டில்லி மீது சுமத்திவிட்டுக் கையைக் கழுவிக்கொள்வது எளிது. மெட்ரோ கேட்கிற நகரம், தன் மேற்குப் புறத்தில் பழைய ரயிலே பதினோர் ஆண்டுகள் ஓடாமல் கிடந்தபோது எத்தனை முறை குரல் எழுப்பிற்று? மதுரை - போடி மீட்டர் பாதையில் 2010ஆம் ஆண்டின் இறுதியோடு வண்டி நின்றது, அகலப் பாதை போடுகிறோம் என்று. தேனி வரை மீண்டும் பயணிகள் வண்டி ஓடியது 2022 மே மாதத்தில். முதல் வகுப்பில் சேர்ந்த உசிலம்பட்டிப் பிள்ளை பதினோராம் வகுப்புக்கு வந்துவிட்டான், வண்டி வரவில்லை. மாணவனும் கட்டடக் கூலியும் பூக்கூடைக்காரியும் பேருந்துக்கு இரட்டைச் செலவு செய்தனர். மாநகரம் கவனிக்கவே இல்லை.

தண்ணீரின் கதை இன்னும் சுவையானது. வைகை அணை 1959ல் எழுந்தது. உசிலம்பட்டிப் பகுதியின் மானாவாரி நிலத்துக்கு அதிலிருந்து நீர் தர 58 கிராமக் கால்வாய் என்றொரு திட்டம். 1990களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை, 2018ல் சோதனைக்குத் தண்ணீர் விடும் அளவுக்கு வந்தது. 71 அடி கொள்ளும் அணையில் 67 அடி நிறைந்தால்தான் இந்தக் கால்வாய்க்கு நீர் ஏறும் என்பது அதன் அமைப்பு. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் உழவர் மனுக் கொடுக்கிறார், மறியல் செய்கிறார், வானத்தைப் பார்க்கிறார். சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்க வேண்டுமென்றாலோ, அணையின் மதகு நாள் தவறாமல் திறக்கிறது! சிலை கால் நனைக்க நீர் உண்டு. கண்மாய் நனைய நீருக்குக் கணக்கு உண்டு. விழாவை நம்பும் மக்களைக் குறை கூறவில்லை நாம். மதகின் வரிசையைத்தான் கேட்கிறோம்.

நீரில்லாத நிலத்தில் என்ன நடக்கும்? பிழைப்புத் தேடி ஊர் கலையும். அச்சு முறுக்குச் சுட்டு விற்க ஆந்திரத்துக்கும் மராட்டியத்துக்கும் அதற்கு அப்பாலும் போன உசிலம்பட்டிக் குடும்பங்கள் பல. உழைத்து முன்னுக்கு வந்தோரும் உண்டு, அவர்களைப் பாராட்டுவோம். ஆனால் அந்தத் தொழிலின் மறுபக்கம் கறுப்பு. பெற்றோரிடம் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, பள்ளியிலிருக்க வேண்டிய சிறுவனை வடநாட்டு முறுக்குக் கம்பெனிக்கு ஏற்றிச் சென்று, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன்னே பகலும் இரவும் நிறுத்திய கொடுமை பலமுறை வெளிப்பட்டிருக்கிறது. மீட்கப்பட்ட பிள்ளைகள் ஊர் திரும்பியிருக்கின்றனர். எட்டாம் வகுப்போடு பெயர் மறைந்த மாணவனைத் தேடிப் பள்ளி வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் போதாது. கடன் பத்திரத்தைப் புரட்ட வேண்டும்.

பெண்மக்கள் நிலையோ? 1986ல் ஓர் ஆங்கில ஏடு எழுதிய பின்னர், கள்ளிப்பாலோடு சேர்த்து உசிலம்பட்டியின் பெயரை உலகமே உச்சரித்தது. கேமராக்கள் வந்தன, போயின. கொலை கொலைதான், அதற்குச் சப்பைக்கட்டு கட்டுவோன் நம் பக்கம் நிற்க வேண்டாம். ஆனால் வரதட்சணைக்கு விற்க நிலமின்றித் தவித்த குடும்பம் பெண்ணைச் சுமையென எண்ணிய மூடத்தனத்துக்கு மருந்து, அந்தப் பெண் சம்பாதிக்கும் நாள். அந்த நாளைக் கொண்டுவரும் தொழிற்கூடம் பற்றி எந்தக் கேமராவும் கேட்கவில்லை.

இனி, பள்ளிக்கு வருவோம். இங்கேதான் நெடுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது.

1920 ஏப்ரல் 3. பெருங்காமநல்லூர். பிறந்த குலத்தைக் காரணம் காட்டிக் குற்றப்பரம்பரை என்று முத்திரை குத்தி, ஆண்மக்கள் எல்லாரும் கைரேகை தர வேண்டும் என்றது வெள்ளை அரசு. தர மாட்டோம் என்றது ஊர். துப்பாக்கி பேசிற்று. மாயக்காள் என்ற பெண் உள்ளிட்டுப் பதினாறு உயிர்கள் மாண்டன. பிறப்பால் தாழ்ந்தவன் என்ற மனுவின் கணக்கும், பிறப்பால் திருடன் என்ற துரையின் கணக்கும் ஒரே பேரேட்டில் எழுதத் தக்கவை அல்லவா? சுட்ட கையே பின்னர் சிலேட்டும் நீட்டியது. சீர்திருத்துகிறோம் என்று சொல்லிப் பள்ளிகள், கூட்டுறவுச் சங்கங்கள், விடுதிகள் வைத்தனர். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947ல் ஒழிந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் நின்றன. மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் ஏறத்தாழ முந்நூறு. ஏழை வீட்டுப் பிள்ளைகளை ஆசிரியராகவும் அலுவலராகவும் ஆக்கியவை அந்தப் பள்ளிகள். இதை மறுப்பவன் நன்றி கொன்றவன்.

2023 நிதிநிலை அறிக்கையில், பல துறைகளின் கீழுள்ள பள்ளிகளையெல்லாம் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப் போவதாக அரசு அறிவித்தது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024ல் தந்த அறிக்கையும் பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்கச் சொல்லிற்று. உசிலம்பட்டியில் எதிர்ப்பு எழுந்தது. இரத்தம் சிந்திப் பெற்ற உரிமை, அதைத் தொடாதே என்றனர்.

அந்த எதிர்ப்பில் பாதி நியாயம் உண்டு. இணைத்த பின், மாணவர் குறைவு என்று சொல்லிப் பூட்டுப் போடுவார்களோ, பள்ளி நிலத்தை வேறு காரியத்துக்குத் தள்ளிவிடுவார்களோ என்ற அச்சம் வீண் அச்சமன்று. மற்றப் பாதி வேறு. ஒரே ஊரில் இந்தத் தெருவுக்கு ஒரு சாதிப் பெயரில் பள்ளி, அந்தத் தெருவுக்கு ஆதிதிராவிடர் நலப் பள்ளி. எவரும் எங்கும் சேரலாம் என்பது விதி. தெருவோ தன் விதியை எழுதிக்கொள்கிறது. ஆறு வயதுக் குழந்தை முதலில் படிக்கும் எழுத்து, வாயில் பலகையிலுள்ள சாதிப்பெயர்! இந்தப் பாடத்தின் விளைவை நாடு பார்த்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊராட்சிகளில், தலைவர் பதவி ஒடுக்கப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காக 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலே உருப்படியாக நடைபெறவில்லை, 2006ல்தான் நடந்தது. குற்றப்பரம்பரை என்ற இழிவை எதிர்த்துக் குண்டடி பட்ட மண்ணிலேயே, இன்னொரு மக்களுக்கு நாற்காலி கூடாது என்ற குரல் எழுந்தது. வெட்கத்தோடுதான் எழுதுகிறோம்.

பெயர் போகட்டும், உரிமை போகக் கூடாது. இணைப்பு ஆணையிலேயே எழுதி வாங்க வேண்டியவை உண்டு: இந்தப் பள்ளிகளில் ஒன்றும் மூடப்படாது, ஒரு சென்ட் நிலமும் கைமாறாது, ஆசிரியர் காலியிடம் நிரப்பப்படும், விடுதிகள் நீடிக்கும் என்று. நினைவுச் சின்னம் வேண்டுமெனில், சாதியின் பெயர் எதற்கு? மாயக்காள் பெயரைப் பள்ளி வாயிலில் எழுதட்டும். அந்தப் பெயரைக் கேட்கும் குழந்தை, யார் இவர் என்று ஆசிரியரைக் கேட்கும்.

உசிலம்பட்டி வட்டத்துத் தோழர்களுக்கு உடனடி வேலை ஒன்று இருக்கிறது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு முடித்தோர் எத்தனை பேர், அவர்களில் ஒன்பதாம் வகுப்பில் இல்லாதோர் எத்தனை பேர், அவர்கள் எந்த ஊரில் எந்தச் சட்டியின் முன்னே நிற்கின்றனர் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் செய்து, அதன் படியை மாவட்ட ஆட்சியர்க்கு அனுப்புங்கள். இன்னொரு படியை, மெட்ரோவுக்காக மாநாடு கூட்டும் மதுரைப் பெரியவர்களுக்கும் அனுப்பி வையுங்கள்.